அழியாத மை ரெண்டு பாட்டில்

வெளிநாடு போயிட்டு வர்றவங்க பெட்டியில என்ன இருக்கும்னு நம்ம எல்லாருக்கும் அத்துப்படி. சிங்கப்பூர்னா கோடாலித் தைலம், துபாய்னா பேரீச்சம்பழம், எந்த ஊரா இருந்தாலும் சாக்லேட். என் பெட்டியில இங்க் பாட்டில் இருக்குமுங்க. பத்து வருசமா இதே பொழப்புத்தான். கம்பெனி வேலையா (பம்பு கம்பெனி, குறிச்சி சிட்கோ பக்கம்) வருசத்துக்கு ஒருவாட்டி எங்கியாச்சும் அனுப்புவாங்க. போன எடத்துல ஒரு பேனாக்கடையைத் தேடிப் புடிச்சுருவேன். "ஊருல இருக்கற ஆம்பளைங்க எல்லாம் போனா தங்கம் கொண்டாராங்க, இவரு மை கொண்டாராரு" என்பது தங்கமணியின் நிரந்தரப் புலம்பல்.

இந்தியாவுல மைக்கு என்ன பஞ்சம்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. சென்னையில தயாரான பிரில் இங்க்லதான் நம்மில் பாதிப்பேர் பரீட்சை எழுதியிருப்போம். காந்தி சுதேசி மை வேணும்னு ஆசைப்பட்டதுல இருந்து கிளம்பி 1934-ல பொறந்த சுலேகா, நடுவுல பல வருசம் நின்னுபோய், 2020-ல மறுபடி மை பாட்டில் போட ஆரம்பிச்சாங்க. பம்பாயில 1931-ல குதிரை மார்க் மைப்பொடியோட ஆரம்பிச்ச கேம்லினை 2011-ல ஜப்பான் கம்பெனி கொக்குயோ வாங்கிருச்சு. திம்பம் மலை ஏறி இறங்கினா மைசூர். ஓட்டுப் போட்டதும் விரல்ல வைக்கிறாங்களே, அந்த மை 1962-ல இருந்து அங்கதான் தயாராகுது. இதெல்லாத்தையும் விடுங்க, வாளையாறு தாண்டி பாலக்காடு, ஒத்தப்பாலம், ஷொர்ணூர்னு ரயில்ல போனா அடுத்தாப்புல பட்டாம்பி. அங்க ஒரு டாக்டர் 'கிருஷ்ணா' என்ற பேர்ல விதவிதமான நிறத்துல மை தயாரிக்கிறார். அந்த மை அமெரிக்காவுல அர்க்கன்சா மாநிலத்துக் கடை வரைக்கும் போய் விற்குது. கோயமுத்தூர்க்காரன் ஜப்பான்ல மை வாங்கறான், அமெரிக்காக்காரன் பட்டாம்பி மையை வாங்கறான். பூமி உருண்டைதான், சந்தேகமே வேண்டாம் :-)

ஆனா இங்க சொல்லப்போறது என் பைத்தியத்துக்கு வாங்கின மையைப் பத்தி இல்லை. அப்பாவுக்கு வாங்கினது.

அப்பா ஆவண எழுத்தர். எங்க பக்கம் 'பத்திரம் எழுதறவரு'ன்னு சொன்னாத்தான் வெளங்கும். அவிநாசியில முப்பத்தெட்டு வருசம் ஒரே வேப்பமரம், ஒரே மேசை. கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, அடமானம், தான செட்டில்மென்ட், உயில் எல்லாம் கையால எழுதினதுதான். 2000-ல பதிவுத்துறைக்கு ஸ்டார் திட்டம்னு கம்ப்யூட்டர் வந்துச்சு, அப்புறம் 2018-ல அதுக்கு ரெண்டாம் பதிப்பும் வந்துச்சு. அப்பா அதுக்குள்ள மேசையை மடிச்சு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார். இப்ப வயசு எண்பத்தொண்ணு. கை நடுக்கம் இருக்கு. பால்பாயின்ட் பேனான்னா அமுக்கி எழுதோணும், நாலு வரியில விரல் மரத்துப் போயிரும். இங்க் பேனான்னா தாளைத் தொட்டாலே போதும், எழுத்து தானா நடக்கும். அதனால எழுதறது இன்னைக்கும் பழைய கருப்பு எபோனைட் பேனாவுலதான். பில்லர் வச்சு மை ஊத்தற ரகம்.

நான் ஒசாகா போறேன்னு தெரிஞ்சதும் கூப்பிட்டு உக்கார வச்சார். "சாமி, எனக்கொரு பாட்டில் புளூ பிளாக் வேணும். இப்ப விக்கறது இல்ல, பழைய மாதிரி. எழுதறப்ப வெளுப்பா இருக்கோணும். விடிஞ்சு பாத்தாக் கருத்திருக்கோணும். தண்ணி ஊத்துனாப் போகப்படாது."

"அது எதுக்குங்கப்பா இப்ப?"

"உயில் எழுதோணும்."

ஒரு நிமிசம் ஒண்ணும் பேசத் தோணலைங்க. ஊருக்கெல்லாம் எழுதின மனுசன், தனக்கு இன்னும் எழுதிக்கலை. அதைவிட, எழுதறதுக்கு முன்னாடி மையைத் தேடறார் பாருங்க!

அவர் சொன்ன மை என்னன்னு கொஞ்சம் விளக்கிப்போடறேன், இல்லைன்னா மத்ததெல்லாம் புரியாது. இன்னைக்குப் பேனா மையில பெரும்பாலானது சாயத்தைத் தண்ணியில கரைச்சது. பார்க்க அழகா இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணி பட்டா ஓடிப்போயிரும். பழைய புளூ பிளாக் வேற ஜாதி. அதுல துவர்ப்புச் சத்தும் இரும்பு உப்பும் சேர்ந்திருக்கும். எழுதும்போது ரெண்டும் நிறமில்லாத மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியறதுக்காக நீலச் சாயம் கொஞ்சம் கலந்திருப்பாங்க. காத்துல இருக்கற ஆக்சிஜன் பட்டதும் இரும்பு மாறி, தாளோட நாருக்குள்ளயே கருப்பாப் படிஞ்சுரும். அதுக்கப்புறம் கழுவினா நீலம் போகும், கருப்பு போகாது. நம்ம நாட்டுத் தர நிர்ணயத்துல இதுக்குன்னு தனியா ஐ.எஸ். 220-ன்னு ஒரு எண்ணே உண்டு. ஃபெரோ கேலோ டானேட் மை, இரும்பு 0.1 சதவீதம். பேர் வாயில நுழையலைன்னா விட்டுருங்க. ஐரோப்பாவுல பல நூறு வருசமா ஓக் மரத்துல பூச்சி கடிச்சு வர்ற காயை ஊறவச்சு, இரும்பு சல்ஃபேட் போட்டு இந்த மையைக் காய்ச்சினாங்க. அந்தக் காய் வேற ஒண்ணுமில்லைங்க, நம்ம நாட்டு மருந்துக் கடையில விக்கிற மாசிக்காய். இரும்பு சல்ஃபேட்டுக்கு அதே கடையில பேரு அன்னபேதி. மாசிக்காய்க்குப் பதிலா கடுக்காய் போட்டாலும் கருப்பு வரும். கடுக்காய்த் தண்ணி ஊத்தி அரைச்ச சுண்ணாம்புல கட்டின வீட்டுலதான் எங்க அப்பாரு குடியிருந்தார். ஆக, சரக்கெல்லாம் டவுன்ஹால் பக்கம் நாலு கடையில கிடைக்கும். ஆனா அதைக் காய்ச்சிப் பேனாவுல ஊத்தினா ரெண்டாம் நாள் நாக்கு அடைச்சுக்கும். பேனாவுக்குன்னு வடிச்ச மை வேணும்.

கோயமுத்தூர்க் கடைகள்ல புளூ பிளாக்னு எழுதியிருந்த நாலு பாட்டில் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்திருந்தேன். அப்பா ஒவ்வொண்ணுலயும் ஒரு வரி எழுதி, ஒரு நாள் காய விட்டு, தாளைச் சாய்ச்சுப் புடிச்சு சொம்புத் தண்ணியை ஊத்துவார். நாலும் ஃபெயில். தாள்ல நீலமா ஒரு மேகம் மட்டும் மிஞ்சும். "இதுல எழுதுனா மழைக்கே சொத்து கைமாறிரும்" அப்படின்னார்.

ஜெல் பேனாவுல நிறமிப் பொடி கலந்த மை இருக்கறதும், அது தண்ணிக்கு அசையாதுங்கறதும் எனக்குத் தெரியும். சொன்னேன். கம்ப்யூட்டர்ல அடிச்சு ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கினாலும் உயில் செல்லும். 1925-ம் வருச இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவுல முத்திரைத்தாள்னோ மைன்னோ ஒரு வார்த்தை கிடையாது. எழுதினவர் கையொப்பமும் ரெண்டு சாட்சியும் இருந்தாப் போதும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். "செல்லுமுங்க கண்ணு, ஆரு இல்லைன்னா? நாளைக்கு எவனாச்சும் இது அவரு எழுதினதில்லைன்னு சொன்னா? டைப் அடிச்ச எழுத்துக்கு மொகம் இருக்குதா? என்ற கையெழுத்து அவிநாசியில பாதிப்பேரு பொட்டியில இருக்குது. ஒப்பிட்டுப் பாத்துக்கட்டும்." இதுக்கு மேல என்ன பேசறது.

யாரு, எதுக்கு இல்லைன்னு சொல்லப் போறாங்கன்னு நீங்க கேக்கலாம். சேவூர் பக்கம் மூணு ஏக்கர் இருக்குங்க. அப்பா சம்பாதிச்சு வாங்கினது. எனக்கு ஒரு அக்கா. எங்க சனத்துல பொண்ணுக்கு நகை, சீர், கலியாணச் செலவு, நெலம் பையனுக்கு. எழுதாத சட்டம் அது. எழுதின சட்டம் வேற. தமிழ்நாட்டுல 1989-லயே, அன்னைக்குக் கலியாணம் ஆகாத பொண்ணுகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்துல ஆம்பளைக்குச் சமமான பங்குன்னு திருத்தம் கொண்டு வந்தாங்க. நாடு முழுக்க அது வந்தது 2005-ல. வந்ததும் எங்க பக்கம் என்னாச்சு தெரியுமுங்களா? விடுதலைப் பத்திரம் எழுதறது எச்சாப் போச்சு. அண்ணன் தம்பிங்க கார்ல அக்கா தங்கச்சியைக் கூட்டிட்டு வருவாங்க. மரத்தடியில பெஞ்சுல உக்காரும். எனக்குச் சேர வேண்டியது சேர்ந்துருச்சு, இனிமே எந்தப் பாத்தியதையும் இல்லைன்னு அப்பா எழுதுவார், அது கையெழுத்துப் போடும். அப்புறம் எல்லாரும் ஓட்டல்ல தோசை சாப்பிட்டுப் போவாங்க. சின்ன வயசுல லீவு நாள்ல மேசைக்குப் பக்கத்துல உக்காந்து நானே பார்த்திருக்கேன். சில அக்காங்க சிரிச்சுட்டே போடும். சில பேரு படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுப்போட்டு, கொஞ்ச நேரம் பேனாவைப் புடிச்சுட்டே இருக்கும்.

அப்பா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. அந்த ஒசாகாப் பேச்சு வந்த அன்னைக்குத்தான், "நூத்துக்கணக்குல எழுதியிருப்பேன். என்றதுல சரிபாதி அம்மிணிக்கு. உனக்கு மனசுல ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிரு" அப்படின்னார்.

ஒண்ணுமில்லைங்கப்பான்னு சொன்னேன். நெசமாவே ஒண்ணுமில்லையான்னு கேட்டா... மூணு ஏக்கர் ஒன்றரை ஆகறதுல கொஞ்சம் சுருக்குன்னு இருக்கத்தான் செஞ்சுது. நெலம் என்ன வெலை போகுதுன்னு எனக்கும் தெரியுமில்ல? ஆனா வேண்டாம்னு சொல்ற வாய் எனக்கு இல்லை. அப்படியாக, என் பங்கைப் பாதியா வெட்டற கத்தியை நானே போய் வாங்கிட்டு வர்ற வேலை எனக்கு வாய்ச்சுது :-)

இதுக்கு முன்னாடி ஒரு தடவை தபால்ல முயற்சி பண்ணினோம். இங்கிலாந்துல இந்த மைக்கு 'ரிஜிஸ்ட்ரார் மை'ன்னே பேரு. பிறப்பு, கலியாணம், இறப்புப் பதிவேடு எழுதறதுக்குன்னே தயாரிச்சது. 1864-ல ஆரம்பிச்சு இப்ப லிவர்பூல்ல இருக்கற டயமைன் கம்பெனி அதைப் போடறாங்க. மாதா கோயில்ல கலியாணம் முடிஞ்சதும் மாப்பிள்ளையும் பொண்ணும் இந்த மையிலதான் பதிவேட்டுல கையெழுத்துப் போடறது வழக்கமா இருந்துச்சு. 2021 மே 4-ல இருந்து இங்கிலாந்துல கலியாணப் பதிவே கம்ப்யூட்டருக்குப் போயிருச்சு. வேப்பமரத்தடிக்கு வந்தது அங்கயும் வந்துருச்சுன்னு வச்சுக்குங்க.

அந்த மை ஒண்ணை வெளிநாட்டுக் கடை ஒண்ணுல இருந்து வரவழைச்சேன். சின்னச் சின்ன அன்பளிப்புப் பார்சலுக்கு இருந்த வரிச்சலுகையும் 2019 டிசம்பர்ல போயிருச்சுங்களா, வரி கட்டித்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. சரி, கட்டினோம். பெட்டி வந்துச்சு. தூக்கும்போதே அடியில ஈரம். பாட்டில் கழுத்துல விரிசல். பாதிக்கு மேல அட்டைப் பெட்டி குடிச்சுருச்சு. வழியில எந்தக் கையில விழுந்துதோ, யாரைக் கேக்கறது? தங்கமணி பெட்டியைத் தூக்கிக் குப்பையில போடப் போனா. அப்பா விடலை. திண்ணையில வச்சுட்டார். அடுத்த நாள் காத்தால பார்த்தா, வெளுத்த நீலமா இருந்த கறை எல்லாம் கன்னங்கரேல்னு இருக்கு. அவர் வேட்டி முனையில பட்டதும் அப்படியே. சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் தேச்சு, ஒண்ணும் அசையலை. அப்பா முகத்துல அப்படி ஒரு சந்தோசம்! "மை சரியான மைதான் சாமி. வந்த வழிதான் சரியில்ல." பாட்டில்ல மிச்சம் இருந்ததுல கண்ணாடித் தூள் கெடந்துச்சு, பேனாவுல ஊத்த முடியலை.

அதனாலதான் கையோட கொண்டு வர்றதுன்னு முடிவு பண்ணினது.

2023 நவம்பர். ஒசாகாவுல ஒன்பது நாள் ட்ரெயினிங். முதல் சாயங்காலமே உமேடாவுல மருசென் ஜுன்குடோங்கற பிரம்மாண்டமான புத்தகக் கடைக்குப் போனேன். பேனாப் பகுதியில நம்ம ஊர் நகைக்கடை கெட்டது போங்க. ஜப்பான்ல பைலட், செய்லர், பிளாட்டினம்னு மூணு பெரிய பேனாக் கம்பெனி. அதுல பிளாட்டினத்தோட புளூ பிளாக் இன்னைக்கும் பழைய முறையில, இரும்பு சேர்த்துத்தான் வருது. 60 மி.லி. பாட்டில் ஆயிரத்துச் சொச்சம் யென். அன்னைய கணக்குல நம்ம காசு எழுநூறுக்குப் பக்கம். பக்கத்துலயே கண்ணைப் பறிக்கிற பாட்டில்ல பைலட் இரோஷிசுக்கு வரிசை (2007-ல வந்தது, நிலவு, மூங்கில், காட்டுத் திராட்சைன்னு நிறத்துக்கெல்லாம் பேரு) இருக்க, நம்ம புளூ பிளாக் மருந்து பாட்டில் மாதிரி ஓரமா நின்னுட்டு இருந்துச்சு. ரெண்டு எடுத்தேன். ஒண்ணு உடைஞ்சாலும் ஒண்ணு சேரும்ல.

கடைப்பொண்ணுகிட்ட 'தண்ணி பட்டாப் போகாதுங்களா'ன்னு மொபைல்ல மொழிபெயர்த்துக் காட்டினேன். அது சிரிச்சுட்டே ஒரு தாளைக் கொடுத்து, பேனாவை மையில முக்கிக் கொடுத்துச்சு. எழுதிப் பார்க்கறதுக்குன்னே வச்சிருக்காங்க. 'அவிநாசி'ன்னு தமிழ்ல எழுதினேன். வெளுத்த நீலம். தாளை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். மறுநாள் காத்தால எடுத்துப் பார்த்தா கருத்திருந்துச்சு. வாஷ்பேசின்ல குழாயைத் திறந்து காட்டினேன். நீலம் கொஞ்சம் போச்சு, அவிநாசி போகலை. அப்பாவுக்கு அந்தத் தாளையும் பத்திரமா எடுத்து வச்சேன்.

எனக்குன்னு வாங்கினது கோபேவுல. ஒசாகாவுல இருந்து ரயில்ல அரை மணி நேரம் கூட ஆகாது. நம்ம கோயமுத்தூர்க்காரங்களுக்கு அந்த ஊர் ஒரு விதத்துல தூரத்து ஒறம்பரை. 1893-ல டாடாவும் ஜப்பான் கப்பல் கம்பெனியும் சேர்ந்து பம்பாயில இருந்து ஜப்பானுக்குக் கப்பல் விட்டதே பருத்தி ஏத்தத்தான். பஞ்சு வியாபாரத்தை ஒட்டி வந்த இந்தியக் குடும்பங்க இன்னும் அங்க இருக்காங்க. 1995 ஜனவரி 17 பூகம்பத்துல கோபேயும் சுத்துப்பட்டு ஊர்களுமாச் சேர்ந்து ஆறாயிரத்து நானூறு பேருக்கு மேல போனாங்க. ஊரு எந்திரிச்சதுக்கு அப்புறம், நாகசாவாங்கற ஸ்டேஷனரிக் கடையில வேலை பார்த்தவர் ஒருத்தர், ஊரோட நிறங்களை மையாப் பண்ணணும்னு கெளம்பினார். ரொக்கோ மலைப் பச்சை, படகுத்துறை நீலம், பழைய வெள்ளைக்காரன் குடியிருப்புப் பழுப்புன்னு 2007-ல ஆரம்பிச்சது இன்னைக்குப் பல பத்து நிறமாப் பெருகிருச்சு. செய்லர் கம்பெனி காய்ச்சிக் கொடுக்குது. ரொக்கோ மலைப் பச்சை ஒண்ணு வாங்கினேன். ஆனைகட்டிப் பக்கம் மழை விட்டதும் மலை இருக்குமே, கிட்டத்தட்ட அந்தப் பச்சை. கோவைக்கு இப்படி ஒரு மை போட்டா எந்த நிறம் போடலாம்னு திரும்பி வர்ற ரயில்ல யோசிச்சுட்டே வந்தேன். கரிசல் கருப்பு? நொய்யல்னு ஒரு நிறம் போடலாம், ஆனா திருப்பூர் பக்கம் போனா அது தினம் ஒரு நிறம் ஆயிரும்...

சரி, கொண்டு வர்ற கதைக்கு வருவோம். 2006 ஆகஸ்டுல லண்டன்ல திரவ வெடிகுண்டுச் சதி ஒண்ணைக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் வந்த விதிதான் கைப்பையில 100 மி.லி. பாட்டில்ங்கறது. கவனிங்க, உள்ள இருக்கற அளவு இல்லை, பாட்டிலோட கொள்ளளவு. 120 மி.லி. பாட்டில்ல பத்துச் சொட்டு இருந்தாலும் விடமாட்டாங்க. எல்லாம் ஒரு லிட்டர் ஜிப் கவர் ஒண்ணுக்குள்ள அடங்கணும். என்கிட்ட இருந்தது 60, 60, 50. மூணும் கைப்பைக்குத் தாராளமாப் போகும். ஆனாலும் ஒரு புளூ பிளாக்கை மட்டும் பெரிய பெட்டியில போட்டேன். ஒரு வழி அடைஞ்சாலும் இன்னொரு வழி வேணும்ல.

பம்பு கம்பெனிக்காரனுக்குக் கசிவைப் பத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விமானம் மேல போனா உள்ள காத்தழுத்தம் தரையில இருக்கறதுல முக்கால் பங்குக்குக் குறையும். பாட்டில்ல மைக்கு மேல இருக்கற காத்து விரியப் பார்க்கும், மூடி லேசா இருந்தா மையையும் கூட்டிட்டு வெளிய வரும். நிறையப் பேர் சரக்கு அறையில காத்தழுத்தமே இருக்காதுன்னு நெனைக்கிறாங்க. அப்படி இல்லை, மேல நம்ம உக்காந்திருக்கற எடத்துல இருக்கறதுதான் கீழயும். கழுத்து வரைக்கும் நிரம்பின புதுப் பாட்டில்ல காத்து கொஞ்சம், அதனால பயமும் கொஞ்சம். பாதி காலியான பாட்டில்தான் ஆபத்து. பேனாவுக்கும் இதே கணக்கு: முழுசா ரொப்பு, இல்லைன்னா முழுசாக் காலி பண்ணு, நிப்பு மேல பார்த்து வை. மூடிக்கு என் வைத்தியம் குழாய்க்காரர் சுத்தற வெள்ளை டெஃப்லான் டேப். மூடியைக் கழட்டாம, மூடியும் கழுத்தும் சேர்ற எடத்துல நாலு சுத்து இழுத்துச் சுத்தி, மேல இன்சுலேஷன் டேப் ஒரு சுத்து. அப்புறம் ஜிப் கவர், அதுக்கு மேல இன்னொரு ஜிப் கவர், நடுவுல டிஷ்யூ பேப்பர், கடைசியா காலுறைக்குள்ள. ஊர்ல இருந்து போகும்போதே டேப்பைக் கொண்டுபோயிருந்தேன். தங்கமணி பார்த்துட்டு, "ஜப்பான்ல குழாய் ரிப்பேருக்குப் போறீங்களா"ன்னா.

ஒசாகாவுல யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. சிங்கப்பூர் சாங்கியில மாறும்போது கேட்டுக்கு முன்னால மறுபடி ஒரு செக்கிங். ஜிப் கவரை வெளிய எடுத்து வைக்கச் சொன்னாங்க. அங்க இருந்த பெரியவர் டேப் சுத்தின பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். என்னதுன்னு இங்கிலீஷ்ல கேட்டார். பேனா மைன்னேன். பேர் அட்டையைப் பார்த்தா நம்மாளு. "எழுதற மையா சார்?"னு தமிழ்ல கேட்டுட்டு, "எங்கப்பாவும் இங்க் பேனாதான்"னு சொல்லி வச்சுட்டார். அவ்வளவுதான். பின்னால வரிசை நிக்குது, வேற என்ன பேச முடியும்.

பீளமேட்டுல சுங்கத்துல பெட்டியை ஸ்கேனர்ல விட்டதும் ஒரு கேள்வி வந்துச்சு. "கண்ணாடிக்குப்பியில என்னங்க?" மைன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். நம்ம ஊர்ல மைன்னா வெத்தலையில தடவிப் பார்க்கிற மையும் இருக்கே! பேனாவுக்கு ஊத்தறதுங்கன்னு அவசரமாச் சேர்த்துச் சொன்னேன். அன்னைக்கு நடப்புல இருந்த 2016-ம் வருச விதிப்படி ஒரு ஆளுக்கு 50,000 ரூபாய்ப் பொருள் வரைக்கும் வரி கிடையாது. மூணு பாட்டிலும் சேர்ந்து அதுக்குப் பக்கத்துல கூட வராது. "இன்னுமா மை ஊத்தி எழுதறீங்க"ன்னு கேட்டுட்டு விட்டுட்டார்.

வீட்டுக்கு வந்து பிரிச்சா ரெண்டு பாட்டிலும் சொட்டு வெளிய வரலை. அப்பாகிட்ட முதல்ல அந்த 'அவிநாசி' தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி, சன்னல்கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் சொம்பை எடுத்துட்டு வரச் சொன்னார். நான் கழுவினது போதாதாமா! அவரும் ஒருதடவை கழுவிப் பார்த்துட்டுத்தான் பேனாவைக் கழட்டினார்.

காலண்டரைப் பார்த்து ஒரு வியாழக்கிழமை குறிச்சார். பச்சை லெட்ஜர் தாள். காத்தால பத்து மணிக்கு உக்காந்தவர், நாலு பக்கம் எழுத சாயங்காலம் ஆயிருச்சு. நடுக்கத்தோட எழுதினதுதான், ஆனா தலைக்கட்டு, ஓரம், வரி எல்லாம் பழையபடி. செக்குபந்தி எழுதும்போது மட்டும் வாய்விட்டுச் சொல்லிட்டே எழுதினார்: வடக்கே இட்டேரி, கிழக்கே வாய்க்கால்... அம்மா ரெண்டு தடவை காப்பி கொண்டுவந்து வச்சு ரெண்டும் ஆறிப் போச்சு. கையெழுத்து மட்டும் போடாம வச்சுட்டார். அது சாட்சிங்க முன்னால போடறது.

பொழுதோட பார்த்தப்ப எழுத்தெல்லாம் வெளுத்த நீலம். அக்கா பேர் வர்ற வரியும்தான். விடியக்காலையில நான் பால் வாங்கப் போகும்போது கூடத்துல லைட்டு எரிஞ்சுது. அப்பா தாளை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுட்டு நின்னுட்டு இருந்தார். "கருத்துருச்சு"ன்னார்.

அன்னைக்கே எங்க குடும்ப டாக்டரும் பக்கத்து வீட்டு வாத்தியாரும் வந்து சாட்சி போட்டாங்க. டாக்டர் இங்க் பேனா புடிச்சுப் பல வருசம் ஆச்சாம், நிப்பைத் திருப்பிப் புடிச்சார். அப்பா வாங்கி நேராக் கொடுத்தார். ஞாயித்துக்கிழமை அக்கா வந்துச்சு. விசயத்தைக் கேட்டுட்டு, "எனக்கெதுக்குங்கப்பா அதெல்லாம், தம்பிக்கே இருக்கட்டுமே"ன்னுச்சு. அப்பா நிமிர்ந்து கூடப் பார்க்கலை. பேனாவைக் கழுவிட்டு இருந்தார். இந்த மையில புளிப்பு எச்சு, உள்ளயே விட்டா நிப்பை அரிச்சுரும், அதனால எழுதினதும் கழுவணும். "தண்ணி ஊத்திப் பாரு அம்மிணி, போச்சுன்னா தம்பிக்கு" அப்படின்னார்.

அக்கா சிரிச்சுட்டு சமையல்கட்டுக்குப் போயிருச்சு. கொஞ்ச நேரத்துக்கு அங்க இருந்து சத்தமே இல்லை. நான் உள்ள போகலை.

பி.கு: முதல் பாட்டில்ல முக்கால்வாசி இன்னும் இருக்கு. அப்பா அதுல பால் கணக்கு எழுத ஆரம்பிச்சுட்டார், பால்காரர் கணக்கைத் திருத்த வழியே இல்லைன்னு வருத்தப்படறார். ரெண்டாவது பாட்டிலைப் பிரிக்கவே விடலை, பீரோவுல இருக்கு. என் ரொக்கோ பச்சைதான் தீரப்போகுது. ஒசாகா, கோபே பக்கம் யாராச்சும் போறீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. டெஃப்லான் டேப் நான் வாங்கித் தர்றேன்.